காணும் ஆவல் குற்றமா?

மறைக்கல்வி வகுப்பில் அன்று தொடக்கநூலின் முதல் அதிகாரம். கடவுள் மனிதரைத் தம் சாயலில் படைத்து, மண்ணுலகை நிரப்பி அதை ஆளும்படி பணித்த பகுதியை விளக்கிக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்பில் படிக்கும் சிறுமி ஒருத்தி தயங்கித் தயங்கி எழுந்தாள். "சாமி, எனக்கு உலகத்தைச் சுற்றிப் பார்க்கணும்னு ரொம்ப ஆசை. ஆனா விமானத்துல போனா பூமி சூடாகும்னு பள்ளிக்கூடத்துல சொல்றாங்க. அப்ப நான் ஆசைப்படறது பாவமா?"

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "முதலில் நன்றாகப் படி, பிறகு பார்க்கலாம்" என்று சொல்லி அவளை உட்கார வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். இரவு செபத்தின்போதுதான் அந்தக் கேள்வி திரும்பி வந்தது. அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. பாவம் எது, நன்மை எது என்று அறிய வேண்டிய இடத்தில், அறிவிக்க வேண்டியவனிடம் கேட்டாள். நான் அவளுக்கு விடை தரவில்லை, வாயை அடைத்தேன். அவளுக்குச் சொல்லாமல் விட்ட விடையை இங்கே தேடிப் பார்க்க முயல்கிறேன்.

கடிவாளமும் தார்க்குச்சியும்

காணும் ஆவலைக் குறித்துத் திருச்சபையின் மரபு இரு குரலில் பேசியிருக்கிறது. தூய அகுஸ்தினார் தம் 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் பகுதியில் கண்களின் இச்சை என்னும் சோதனையைத் தீவிரமாக ஆராய்கிறார். மலைகளையும் கடல்களையும் விண்மீன்களையும் வியந்து அலையும் மனிதர் தம்மையே காணத் தவறிவிடுகிறார்கள் என்பது அவரது கவலை. இளமையில் அலைந்து திரிந்தவர் அவர். அலைச்சலின் வெறுமையைத் தாமே சுவைத்தவர். ஆகவே அவரது கண்டிப்பை எளிதில் தள்ளிவிட இயலாது.

தூய தாமஸ் அக்குவினாசோ வேறு வகையில் அணுகுகிறார். அறிய விரும்புவது மனித இயல்பு. அது இறைவன் இட்ட வித்து. அந்த விருப்பம் ஒழுங்குபட்டால் அறிவுநாட்டம் என்னும் நற்பண்பாகிறது; ஒழுங்கு கெட்டால் வீண் ஆவல் என்னும் குறையாகிறது. அறிவுநாட்டத்தை அவர் தன்னடக்கத்தின் கிளையாக வைக்கிறார் என்பது கவனிக்கத்தக்கது. அளவு மீறி ஓடும்போது அதற்குக் கடிவாளம் வேண்டும்; சோம்பிக் கிடக்கும்போது தார்க்குச்சியும் வேண்டும். ஒன்றையும் அறிய விரும்பாதவனை அவர் புனிதன் என்று சொல்லவில்லை.

விவிலியமும் இந்த ஆவலுக்குப் பகையன்று. யோபு துன்பத்தின் காரணத்தைக் கேட்டபோது ஆண்டவர் அவருக்குத் தத்துவ விளக்கம் தரவில்லை. கடலின் ஊற்றுகளையும், உறைபனியின் கிடங்குகளையும், வரையாடு ஈனும் காலத்தையும், கழுகு கூடு கட்டும் பாறையையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். படைத்தவரே வழிகாட்டியாகி நடத்திய உலகச் சுற்றுலா அது. அதன் முடிவில் யோபு எதையும் தம் உடைமையாக்கிக்கொள்ளவில்லை. தம் சிறுமையை உணர்ந்து வாய்மூடினார். கண்டவர் எளியவராகித் திரும்பினார் என்பதே அக்காட்சியின் அளவுகோல்.

கிராம்பு ஏற்றி வந்த கப்பல்

ஆனால் வரலாற்றில் பெரும்பாலான பயணிகள் யோபுவைப் போலத் திரும்பவில்லை. 1519-இல் மெகல்லனின் தலைமையில் ஐந்து கப்பல்கள் ஸ்பெயினிலிருந்து புறப்பட்டன. ஏறத்தாழ 240 பேர் ஏறிச் சென்றனர். 1522 செப்டம்பரில் விக்டோரியா என்னும் ஒரே கப்பல் 18 பேருடன் உலகைச் சுற்றித் திரும்பியது. மெகல்லன் அதற்கு முந்தைய ஆண்டே மக்தான் தீவில் நடந்த சண்டையில் மடிந்துவிட்டார். திரும்பிய கப்பலின் வயிற்றில் கிராம்பு நிறைந்திருந்தது.

இதே பயணத்தில், 1521 மார்ச் மாதத்தில், குவாம் தீவினர் ஒரு சிறு படகைக் கவர்ந்துகொண்டதற்காக அவர்களின் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. தீவினர் சிலர் கொல்லப்பட்டனர். அதே மார்ச் மாதத்தின் இறுதி நாளன்று, உயிர்ப்பு ஞாயிறன்று, பிலிப்பைன்ஸ் தீவுகளில் திருப்பலி நிறைவேற்றப்பட்டது. எரித்த கைகளும் குவித்த கைகளும் ஒரே கூட்டத்தாருடையவை. குருவாகிய நான் இதை வேதனையோடுதான் எழுதுகிறேன். காணும் ஆவலோடு கவரும் ஆவல் ஒரே கப்பலில் ஏறிக்கொண்டால் பலிபீடமும் அதைத் தடுத்து நிறுத்திவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அன்று ஏறிய கவரும் ஆவல் இன்றும் இறங்கவில்லை. கிராம்பை ஏற்றுவதற்குப் பதிலாக நாம் புகையை இறக்கிவிட்டுப் போகிறோம், அவ்வளவே வேறுபாடு.

ஒரு சிறுவனும் ஒரு வாக்கும்

இந்த வரலாற்றுக்கு மாற்றாக ஒரு குடும்பத்தின் கதை என் நினைவுக்கு வருகிறது. சுவிட்சர்லாந்து நாட்டின் பிக்கார் குடும்பம் அது. பாட்டனார் அகுஸ்த் பிக்கார் இயற்பியல் பேராசிரியர். விண்வெளியிலிருந்து வரும் கதிர்களை ஆராய விரும்பி, காற்று புகாத அலுமினியக் கோளம் ஒன்றை அமைத்து, 1931 மே 27 அன்று பலூனில் ஏறி 15,781 மீட்டர் உயரத்தை அடைந்தார். அடுக்குமண்டலத்தைத் தொட்ட முதல் பயணம் அதுவே. பலூனை மேலே ஏற்றிய அதே தத்துவத்தைத் தலைகீழாகத் திருப்பி ஆழ்கடல் கலத்தையும் அவரே வகுத்தார். அவருடைய மகன் ஷாக், 1960 சனவரி 23 அன்று அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த டான் வால்ஷ் என்பவருடன் திரியெஸ்தே என்னும் அக்கலத்தில் பசிபிக் கடலின் மரியானா அகழிக்குள் இறங்கி, பத்தாயிரம் மீட்டருக்கும் கீழே தரையைத் தொட்டார். அங்கே தட்டையான மீன் ஒன்றைக் கண்டதாக ஷாக் எழுதினார். அது மீனாக இருந்திருக்க இயலாது என்று பிற்கால அறிஞர் பலர் கருதுகின்றனர். எனினும் அந்த இருளிலும் உயிர்கள் வாழ்கின்றன என்பது இன்று ஐயத்துக்கு இடமற்றது. அணுக்கழிவைக் கொட்டுவதற்கு ஆழ்கடல் அகழிகள் ஏற்ற இடம் என்று சிலர் பேசிய காலம் அது என்பதை எண்ணினால், இறங்கிப் பார்த்ததன் பயன் விளங்கும்.

இந்த ஷாக்கின் மகன் பெர்ட்ரான் 1958-இல் பிறந்தவர். தந்தையின் கடலாய்வுப் பணி காரணமாகக் குடும்பம் அமெரிக்காவின் புளோரிடாவில் தங்கியிருந்தது. அங்கே பத்துப் பன்னிரண்டு வயதில் அப்போலோ ஏவுகலங்கள் விண்ணேறுவதைக் கண்ணெதிரே கண்டார். 1969 சூலையில் மூவர் நிலவை நோக்கிச் சென்றபோது, அவருடைய தந்தை பென் பிராங்க்ளின் என்னும் நீர்மூழ்கியில் வளைகுடா நீரோட்டத்தோடு மிதந்துகொண்டு கடலுக்கடியில் இருந்தார். தலைக்கு மேலே வானம், காலுக்குக் கீழே கடல், இரண்டுக்கும் நடுவே வியந்து நிற்கும் சிறுவன்! எல்லாவற்றையும் ஆராய்ந்துவிட வேண்டும் என்ற ஆசை அவன் உள்ளத்தில் வேர்விட்டதில் வியப்பில்லை.

அச்சிறுவன் வளர்ந்து மனநல மருத்துவரானார்; பலூன் செலுத்தவும் கற்றார். பலூனில் உலகைச் சுற்ற 1997-இலும் 1998-இலும் முயன்று தோற்றார். மூன்றாம் முறையாக, 1999 மார்ச் 1 அன்று பிரையன் ஜோன்ஸ் என்னும் ஆங்கிலேயருடன் புறப்பட்டு, எங்கும் இறங்காமல் உலகைச் சுற்றி, மார்ச் 21 அன்று எகிப்தின் பாலைவனத்தில் தரையிறங்கினார். பலூனில் உலகை இடைநில்லாது சுற்றியவர்களில் இவர்களே முதல்வர்.

பெருமைப்பட வேண்டிய அந்த நேரத்தில் அவரை உறுத்தியது ஓர் எண். புறப்பட்டபோது கலத்தில் 3.7 டன் திரவப் புரோப்பேன் வாயு இருந்தது. இறங்கியபோது மிஞ்சியது 40 கிலோ. இன்னும் சிறிது நேரம் காற்று பிந்தியிருந்தால் வெற்றி இல்லை; உயிர்கூட இல்லை. காற்றின் தயவால் பறந்ததாக உலகம் புகழ்ந்த பயணம் உண்மையில் எரிபொருளின் தயவால் நடந்தது என்பதை அவர் உணர்ந்தார். அடுத்த முறை உலகைச் சுற்றினால் எரிபொருள் இன்றியே சுற்றுவேன் என்று தமக்குத் தாமே வாக்குக் கொடுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில்தான் நான் நிற்க விரும்புகிறேன். வெற்றிக்குப் பின் மனச்சான்றைச் சோதித்துப் பார்ப்பவர் மிகச் சிலர். தோல்வி நம்மை எளிதில் முழந்தாளிட வைக்கும். வெற்றியோ நம் கணக்குப் புத்தகத்தை மூடிவிடும். அவர் மூடவில்லை. நான் கண்டதற்கு எவ்வளவு செலவாயிற்று, அதைக் கொடுத்தது யார் என்று கேட்டார்.

ஞாயிற்றின் கணக்கில்

வாக்கை நிறைவேற்றப் பதினேழு ஆண்டுகள் ஆயின. பொறியாளரும் விமானியுமான ஆந்த்ரே போர்ஷ்பெர்க் துணைநின்றார். அவர்கள் உருவாக்கிய 'சோலார் இம்பல்ஸ் 2' என்னும் விமானத்தின் சிறகுவிரிவு 72 மீட்டர், எடையோ 2.3 டன் மட்டுமே. அதன் மேல் 17,248 சூரிய மின்கலங்கள் பதிக்கப்பட்டிருந்தன. பகலில் ஞாயிற்றின் ஒளியை உண்டு உயரே ஏறும். இரவில் மெல்ல மெல்லத் தாழ்ந்து, சேமித்த மின்னாற்றலைச் சிக்கனமாகச் செலவிட்டு, அடுத்த விடியலுக்காகக் காத்திருக்கும். விடியல் வரும்வரை ஆற்றல் நிலைக்குமா என்பதே ஒவ்வோர் இரவின் கேள்வி. பத்துக் கன்னியர் உவமையில் விளக்குக்கு எண்ணெய் அளந்து வைத்துக் காத்திருந்தவர்களை இது எனக்கு நினைவூட்டுகிறது.

2015 மார்ச் 9 அன்று அபுதாபியிலிருந்து அது புறப்பட்டது. நம் நாட்டில் அகமதாபாத்திலும் வாரணாசியிலும் இறங்கிச் சென்றது. இருக்கை ஒன்றே, இருவரும் மாறி மாறி ஓட்டினர். வெப்பமூட்டும் வசதியோ காற்றழுத்த வசதியோ இல்லாத சிற்றறை அது. ஜப்பானின் நகோயாவிலிருந்து ஹவாய் தீவுக்குப் போர்ஷ்பெர்க் தன்னந்தனியராய் ஏறத்தாழ 118 மணி நேரம் பறந்தார். இருபது இருபது நிமிடங்களாகவே கண்ணயர்ந்தார். மின்கலத் தொகுதிகள் அளவுக்கு மீறிச் சூடேறிப் பழுதானதால் ஹவாயில் ஒன்பது மாதங்களுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. 2016 சூலை 26 அன்று மீண்டும் அபுதாபியில் இறங்கியபோது 17 கட்டங்களில் ஏறத்தாழ 43,000 கிலோமீட்டர் கடந்திருந்தனர். பறந்த நேரம் 558 மணி. கணக்கிட்டால் மணிக்கு எண்பது கிலோமீட்டர்கூட இல்லை. நம் நெடுஞ்சாலையில் பேருந்து ஓடும் வேகந்தான்!

ஒரு நிகழ்வுப் பொருத்தத்தையும் குறிப்பிட வேண்டும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களின் 'லௌதாத்தோ சி' சுற்றுமடல் 2015 சூன் 18 அன்று வெளியானபோது, இந்த விமானம் நகோயாவில் நல்ல வானிலைக்காகக் காத்துக்கிடந்தது. பூமியைப் பொது இல்லமாகக் காணச் சொன்ன மடலின் தலைப்பே, கதிரவனை உடன்பிறப்பாக அழைத்த அசிசியாரின் பாடலிலிருந்து பிறந்தது. ஒருவர் எழுத்தால் சொன்னதை வேறொருவர் சிறகால் முயன்றுகொண்டிருந்தார். இருவரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. காலத்தின் அறிகுறிகளைப் படிக்கக் கற்றவர்களுக்கு இது போதும்.

அடையாளத்தின் எல்லை

இங்கே ஒரு நியாயமான தடை எழும். அந்த ஒற்றை விமானம் எரிபொருள் இன்றிப் பறந்தது உண்மை. ஆனால் அதற்குத் துணைநின்ற குழுவினரும், தரையில் அதைக் காக்கும் பெருங்கூடாரமும் எண்ணெய் எரிக்கும் விமானங்களில்தானே கண்டம் விட்டுக் கண்டம் சென்றனர்? ஒருவரை மட்டும் சுமக்கும் விமானத்தால் யாருடைய பயணம் தூய்மையாயிற்று?

தடை உண்மையானது; மறைப்பதற்கில்லை. அதற்கு இறையியல் மாணவனாக நான் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. அடையாளத்தை எடைபோட்டு மதிப்பிடுவதில்லை. திருமுழுக்கில் ஊற்றும் நீர் உடலைக் குளிப்பாட்டப் போதாது. அப்பத்தின் சிறு துண்டு வயிற்றை நிரப்பாது. அவை சுட்டும் மெய்ம்மையாலும் எழுப்பும் மாற்றத்தாலுமே பொருள் பெறுகின்றன. திருவருட்சாதனத்தோடு ஒரு விமானத்தை நான் சமப்படுத்தவில்லை. அடையாளம் செயற்படும் முறையையே சொல்கிறேன். முடியாது என்று எல்லாரும் சொன்னதை முடியும் என்று அந்த விமானம் காட்டியது. 2016 ஏப்ரல் 22 அன்று நியூயார்க்கில் 170-க்கும் மேற்பட்ட நாடுகள் பாரிஸ் பருவநிலை உடன்படிக்கையில் கையொப்பமிட்டபோது, பசிபிக் கடலின் மேலே பறந்துகொண்டிருந்த பிக்கார் அப்போதைய ஐ.நா. பொதுச் செயலருடன் உரையாடினார். அன்று அந்த அடையாளம் தன் பணியைச் செய்தது.

ஆனால் அடையாளத்துக்கு ஒரு தீய நிழலும் உண்டு. யாரோ ஒருவர் நமக்காகத் தூய்மையாகப் பறந்துவிட்டார், நாம் பழையபடியே இருக்கலாம் என்ற நிறைவு அது. திருப்பலியில் பங்கெடுத்துவிட்டு வாசலில் நிற்கும் ஏழையைத் தாண்டிச் செல்பவர்களுக்கு இந்த நிறைவு பழக்கமானதுதான்.

அந்த நிழலைப் போக்க இன்னொரு பயணியை நினைக்கலாம். 1971 சனவரியில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இரு எண்ணெய்க் கப்பல்கள் மோதி, கடலெங்கும் எண்ணெய் படர்ந்தது. அதைக் கண்ட ஜான் பிரான்சிஸ் என்னும் இளைஞர் இனி எண்ணெயில் ஓடும் ஊர்தியில் ஏறுவதில்லை என்று முடிவு செய்தார். அம்முடிவை 22 ஆண்டுகள் காத்தார். சந்தித்தவர்களோடெல்லாம் வாதிட நேர்ந்ததால் சலித்து, 1973-இல் ஒருநாள் பேச்சையும் நிறுத்தினார்; அந்த மௌனம் 17 ஆண்டுகள் நீடித்தது. அமெரிக்காவைக் கால்நடையாகவே கடந்தார். வழியில் படித்து முனைவர் பட்டமும் பெற்றார். பேசாதிருந்தபோதுதான், அதுவரை பிறர் சொல்வதைத் தாம் கேட்டதே இல்லை என்பதை உணர்ந்ததாகக் கூறினார்.

பிக்கார் அறிவியலால் எடையைக் குறைத்தார். பிரான்சிஸ் துறவால் குறைத்தார். பலூன் ஓட்டிகளுக்கு ஓர் அனுபவம் உண்டு: வேறு காற்று வேண்டுமானால் உயரத்தை மாற்ற வேண்டும், மேலே செல்ல வேண்டுமானால் சுமையை எறிய வேண்டும். நம் பழக்கங்களும் உறுதிப்பாடுகளும் எறிய வேண்டிய சுமையே என்று பிக்கார் மனநல மருத்துவராக அடிக்கடி விளக்குவதுண்டு. கடவுள் வடிவில் விளங்கியவர் தம்மையே வெறுமையாக்கிக்கொண்டு நம்மிடையே வந்தார் என்று பிலிப்பியருக்கு எழுதிய திருமுகம் அறிக்கையிடுகிறது. விண்ணிலிருந்து மண்ணுக்கு நிகழ்ந்த அந்தப் பெரும்பயணமும் சுமையை உதறியே நிகழ்ந்தது.

காத்தலும் காணலும்

சிறுமியின் கேள்விக்கு வருகிறேன். நான் அன்று விளக்கிய முதல் அதிகாரத்தோடு தொடக்கநூல் நின்றுவிடவில்லை. இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் தோட்டத்தில் வைக்கப்படுவதன் நோக்கம் எபிரேய மொழியில் இரு வினைகளால் சொல்லப்படுகிறது. ஒன்று உழைத்தல் அல்லது பணிபுரிதல், மற்றது காத்தல். இதே இரு வினைகள் எண்ணிக்கை நூலில் லேவியர் கூடாரத்தில் ஆற்றும் திருப்பணியைக் குறிக்கவும் வருகின்றன. அதாவது, மண்ணில் மனிதன் நடக்க வேண்டியது கோவிலுக்குள் குரு நடப்பது போல. கோவிலுக்குள் நாம் கண்ணை மூடிக்கொண்டு நடப்பதில்லை. ஓவியத்தையும் ஒளியையும் கண்டு மகிழ்கிறோம். ஆனால் காலணியைக் கழற்றிவிட்டு நடக்கிறோம்.

ஆகவே காணும் ஆவல் குற்றமன்று. கண்டதற்கு யார் விலை கொடுக்கிறார் என்று கேளாதிருப்பதே குற்றம். அந்த விலையை இன்று கொடுப்பவர்களில் பலர் விமானத்தில் ஒருமுறைகூட ஏறியதில்லை. கடல் உயர்வதால் நிலம் இழக்கும் தீவினரும், மழை பொய்த்தும் மிஞ்சியும் பயிரிழக்கும் உழவரும் எந்த நாட்டையும் சுற்றிப் பார்க்கவில்லை.

இதை எழுதும்போது என் மேசைமேல் இரண்டு தாள்கள் கிடக்கின்றன. ஒன்று, எங்கள் பங்கிலிருந்து என்றாவது திருநாட்டுக்குச் செல்ல விரும்புவோர் பட்டியல். அதில் முதற்பெயர் மீன் விற்று வாழ்நாளெல்லாம் பணம் சேர்த்த ஒரு மூதாட்டியுடையது. இயேசு நடந்த கரையை ஒருமுறை காண வேண்டும் என்பது அவருடைய தவம். அவரைத் தடுக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. பூமி சூடேறியது அவரால் அன்று. மற்றது, அயல்நாட்டில் பணியாற்றும் என் குருமடத் தோழரின் வெள்ளிவிழா அழைப்பு. அந்த நகரத்தை நான் ஏற்கெனவே இருமுறை சுற்றிப் பார்த்தவன். மூன்றாம் முறையும் போக வேண்டும் என்று மனம் துடிக்கிறது. நட்பு என்று அதற்குப் பெயரும் சூட்டிக்கொள்கிறது. நேற்று இரவு அவருக்கு நீண்ட கடிதம் எழுதினேன். வரவில்லை என்று எழுதிய வரியில் பேனா நெடுநேரம் நின்றது. அவர் வருந்துவார், எனக்கும் வருத்தந்தான். இதனால் பூமியின் வெப்பம் அளக்கும்படி குறையப் போவதில்லை என்பதும் தெரியும். ஆனால் மறைக்கல்வி வகுப்பில் அந்தச் சிறுமியின் முன் நிற்க வேண்டியவன் நான்.

வரும் ஞாயிறன்று அவளிடம் சொல்லப்போவது இதுதான்: "ஆசைப்படு மகளே, அது பாவமில்லை. உன்னைக் காணச் சொல்லித்தான் கடவுள் உலகை இத்தனை அழகாகப் படைத்தார். ஆனால் போகும் ஒவ்வோர் இடத்திலும், இங்கே வர என்ன செலவாயிற்று, யாருடைய கணக்கில் என்று ஒருமுறை கேள். அந்தக் கேள்வியோடு போகிறவர்கள் புது வழி கண்டுபிடிப்பார்கள். நீயும் ஒன்றைக் கண்டுபிடிக்கலாம்."

அன்று வகுப்பைக் கோவிலுக்குள் நடத்தப்போவதில்லை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊர் ஏரிக்கரைக்கு நடந்தே செல்லலாம் என்றிருக்கிறேன். இத்தனை ஆண்டுகள் இந்தப் பங்கில் இருந்தும் அந்த ஏரியை நான் முழுமையாகச் சுற்றி வந்ததில்லை.